பனங்கொட்டையை நடவு வரை உயிரோடு வைத்திருப்பது எப்படி?

ஆடிக் கடைசியில் பனம்பழம் விழத் தொடங்கும். ஆவணியில் மளமளவென்று விழும், புரட்டாசி வரைக்கும் மிச்சம் இருக்கும். வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலான ஆண்டுகளில் அக்டோபர் நடுவுக்குப் பிறகு, ஐப்பசியில்தான் பிடிக்கிறது. முதல் பழம் விழுவதற்கும் மண் நன்றாக நனைவதற்கும் இடையே ஆறு முதல் பத்து வாரம் ஓடிவிடும். ஏரிக்கரையிலும் குளக்கரையிலும் பனை விதைக்கப் புறப்படும் புதியவர்கள் பலர் விதையை இழப்பது இந்த இடைவெளியில்தான். கொட்டை கல் மாதிரி இருக்கிறது, என்ன ஆகிவிடப்போகிறது என்று உரச்சாக்கில் கட்டித் தகரக் கொட்டகையில் போட்டுவைக்கிறார்கள். மழை வந்ததும் எடுத்து நடுகிறார்கள். ஓடு உறுதியானதுதான். உள்ளே இருக்கும் கருவுக்கு அந்த உறுதி கிடையாது.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் வந்த முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையே 76 லட்சம் பனை விதைகளை விநியோகிக்கும் திட்டத்தை அறிவித்தது. ஊர்தோறும் இளைஞர்களும் பள்ளிப் பிள்ளைகளும் விதைக்கிறார்கள். நட்ட எண்ணிக்கையை எல்லோரும் சொல்கிறார்கள், கொட்டை எந்தத் தேதியில் விழுந்தது என்று குறித்து வைப்பவர்கள் குறைவு. முளைப்பைத் தீர்மானிப்பதில் அந்தத் தேதிக்கும், அதற்குப் பின் கொட்டை இருந்த இடத்துக்கும்தான் பெரிய பங்கு.

கொட்டைக்குள் நடப்பது

சேமிப்பு முறைகள் புரிய வேண்டுமானால் கொட்டையின் உள்ளமைப்பு தெரிந்திருக்க வேண்டும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும், சிலவற்றில் இரண்டு அல்லது ஒன்று. வெளியே நார், அடுத்து தடித்த ஓடு, அதற்குள் வெள்ளைப் பருப்பு. நுங்காக இருந்தபோது கையில் குழைந்த அதே பகுதிதான் முற்றி, அரிவாளுக்கும் எளிதில் மசியாதபடி இறுகியிருக்கிறது. பருப்பின் நடுவே வெற்றிடம் உண்டு. காம்புக்கு எதிர்முனையில் ஓடு மெலிந்து ஒரு துளை இருக்கும். அதுதான் கண். கண்ணை ஒட்டி, பருப்பில் பதிந்து, கரு இருக்கிறது.

நெல், கம்பு, வேலம் போன்றவற்றின் விதைகள் முற்றும்போதே தாமாக உலர்ந்து உறங்கிவிடும். பனங்கொட்டை ஈரத்தோடு விழுகிறது. ஈரமும் வெதுவெதுப்பும் தொடர்ந்தால் மூன்று வாரத்திலிருந்தே முளை காட்டும். ஈரம் போய்விட்டால் அது காத்திருக்காது, கரு வாடத் தொடங்கும். ஓட்டின் மெல்லிய இடம் கண் என்பதால் உலர்ச்சி எளிதில் நுழைவதும் அந்த வழியாகத்தான். பருப்பு பார்க்க வெள்ளையாக, நன்றாகவே இருக்கும். கரு மட்டும் செத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்து ‘நல்ல விதை’ என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான்.

முளைக்கும்போது கண்ணிலிருந்து வெள்ளையாக ஒரு குழல் வெளிவரும். பார்ப்பவர்கள் வேர் என்று நினைப்பார்கள். உண்மையில் அது கருவின் வளரும் பகுதியைத் தன் நுனியில் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்கும் தண்டு. ஒன்றரை அடி, மண் பொலபொலப்பாக இருந்தால் அதற்கும் கீழே இறங்கிய பிறகுதான் குருத்தும் வேரும் அங்கே பிறக்கும், கிழங்கும் அங்கே திரளும். கொட்டைக்குள் தங்கிவிடும் பகுதி பஞ்சாக உப்பிப் பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்பும். பிள்ளைகள் கொட்டையை வெட்டித் தின்னும் தவுண் அதுதான், யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். ஆகவே முளைத்த கொட்டையின் குழல் நுனி முறிந்தால் செடியே போயிற்று. அந்தக் கொட்டையிலிருந்து இன்னொரு முளை வராது.

பழத்தைப் பொறுக்குதல்

தானாக விழுந்த பழம்தான் வேண்டும். தோல் கறுத்து, காம்புத் தொப்பியைக் கழற்றினால் அடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்து, வாசம் அடிக்க வேண்டும். தொப்பி எளிதில் கழலாத காயை மரத்திலிருந்து வெட்டி எடுத்தால் கருவும் பருப்பும் முழுதாக முற்றியிராது. அத்தகைய கொட்டை சேமிப்பில் எல்லாவற்றுக்கும் முன்னால் கெடும்.

விழுந்த பழத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை பொறுக்குங்கள். மரத்தடியில் புல்லும் ஓலையும் மூடிய நிழலில் கிடந்தது ஒரு வாரமானாலும் பரவாயில்லை. வெட்டவெளியில், தார்ச்சாலை ஓரத்தில் வெயிலில் கிடந்ததை எடுக்க வேண்டாம். ஆடுமாடு சதையைச் சப்பிவிட்டுப் போட்ட கொட்டை நல்லதுதான், நமக்குச் சதை நீக்கும் வேலை மிச்சம். ஆனால் எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் அதைத் தனியாக வைத்துச் சோதிக்க வேண்டும்.

சுட்டுத் தின்ற பழத்தின் கொட்டையையும் அவித்த பழத்தின் கொட்டையையும் சேர்க்கவே கூடாது. வீடு வீடாகக் கேட்டு வாங்கும்போது இவை கலந்து வந்துவிடும். நார் கருகியிருப்பது, கொட்டை முழுவதும் ஒரே மாதிரி பழுப்பேறியிருப்பது இவற்றின் அடையாளம். சூட்டில் கரு வெந்திருக்கும்.

குறைந்தது பத்துப் பதினைந்து தாய்மரங்களிலிருந்து எடுங்கள். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எது எது என்று கொட்டையைப் பார்த்துச் சொல்ல நம்பகமான வழி எதுவும் இல்லை. பாளை விடும்வரை, அதாவது பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல், காத்திருக்கத்தான் வேண்டும். ஒரே மரத்தடியில் சாக்கை நிரப்பிவிட்டால் ஒரு கரை முழுவதும் ஒரு தாயின் பிள்ளைகளாகப் போய்விடும்.

சேமிப்புச் சிக்கலைப் பாதியாகக் குறைக்கும் வழி ஒன்று இங்கேயே இருக்கிறது: மழையை நம்பி நடுபவர்கள் ஆடியில் விழுவதை விட்டுவிட்டு, புரட்டாசியில் விழும் பிந்திய பழங்களைக் குறிவைக்கலாம். எண்ணிக்கை குறையும். ஆனால் அவை பத்து வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று வாரத்தில் மண்ணுக்குப் போய்விடும். புதியவர்களுக்கு இதையே முதல் ஆண்டுக்குப் பரிந்துரைக்கிறோம்.

சதை நீக்குதல்

முழுப் பழமாகக் குவித்து வைத்தால் மூன்று நான்கு நாளில் சதை புளித்துச் சூடேறும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். அந்தச் சூடும் காற்றில்லாத நிலையும் கருவைக் கெடுக்கும். ஆகவே பொறுக்கிய ஓரிரு நாளில் சதையை எடுத்துவிடுங்கள்.

1. பழத்தை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள்.
2. தோலை உரித்து, கொட்டைகளைக் கையால் பிரியுங்கள். கடப்பாரையால் இடித்துப் பிரித்தால் கண் முனை அடிபடும்.
3. தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்து சதையை வழியுங்கள். மாட்டுக்குக் கொடுக்கலாம், பனாட்டு (வெயிலில் காயவைத்த பனம்பழச் சதை) போடத் தெரிந்தவர்களிடமும் கொடுக்கலாம்.
4. நாரைச் சுரண்டி மொட்டையடிக்க வேண்டாம். நார் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அடிபடாமலும் காக்கும். மஞ்சள் சதை போய் நார் வெளுத்தால் போதும்.
5. நிழலில் அரை நாள் பரப்பி மேல்தண்ணீர் வடிய விடுங்கள். வெயிலில் காயவைக்கவே கூடாது.

நிலக்கடலை விதையைப் போலக் காயவைத்துத்தான் மூட்டை கட்ட வேண்டும் என்ற பழக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குக் கைவந்தது. பனைக்கு அது நேர் எதிராக வேலை செய்யும்.

நல்லதையும் கெட்டதையும் பிரித்தல்

தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளுவது பரவலான சோதனை. பனங்கொட்டைக்கு இதை முழுதாக நம்ப முடியாது. நாருக்குள் காற்று சிக்கியிருக்கும், பருப்பின் நடுவே வெற்றிடம் வேறு. இவை நல்ல கொட்டையையும் மிதக்க வைக்கும். ஓர் இரவு ஊறிய பிறகும் பாதிக்கு மேல் நீருக்கு வெளியே நிற்கும் இலேசான கொட்டையை மட்டும் ஒதுக்குங்கள்.

ஆட்டிப் பார்ப்பது இதைவிட நல்லது. காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று பருப்பு ஆடும் கொட்டை, பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகும் அளவுக்குக் காய்ந்தது. தேங்காயில் குலுக்கினால் சத்தம் கேட்க வேண்டும். பனையில் கேட்கக் கூடாது.

நம்பத்தக்கது வெட்டிப் பார்ப்பதுதான். நூறு கொட்டைக்குப் பத்து வீதம் கை போன போக்கில் எடுத்து, கண் முனை இரண்டாகும்படி அரிவாளால் பிளந்து பாருங்கள். பருப்பு வெள்ளையாக ஓட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். கரு வெளிர் மஞ்சளாக, நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். கரு பழுப்பு நிறமாகவோ, குழைந்தோ, சுருங்கியோ இருந்தாலும், புளித்த வாடை வந்தாலும் அந்தக் கொட்டை முளைக்காது. பத்தில் எட்டு நன்றாக இருந்தால் தாராளமாக நடலாம். ஐந்துக்குக் கீழே போனால் குழிக்கு இரண்டு போடுங்கள், அல்லது அந்தக் குவியலையே விட்டுவிட்டு வேறு சேகரியுங்கள். பத்துக் கொட்டையை வெட்ட மனம் வராமல் நூறு குழியை வீணாக்குவது கூலிக்கும் கேடு, வந்து உழைத்தவர்களின் நம்பிக்கைக்கும் கேடு.

எத்தனை நாள், எங்கே வைப்பது

*இரண்டு வாரத்துக்குள் நடவு என்றால்:* மரநிழலில் மண்தரை போதும். இரண்டு கொட்டை உயரத்துக்கு மேல் குவிக்காமல் பரப்பி, மேலே பச்சை ஓலையோ நனைத்த சணல் சாக்கோ போட்டு மூடுங்கள். சாக்கு காயும்போது தண்ணீர் தெளியுங்கள். சிமெண்டுத் தளம் வேண்டாம். பகலில் சூடேறும், கீழிருந்து ஈரமும் கிடைக்காது. தகரக் கூரை, மொட்டை மாடி, சரக்கு வண்டியின் பின்புறம் எதுவும் கூடாது.

*அதற்கு மேல் என்றால்:* மணலில் வைக்க வேண்டும். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: ஈர மணலில் வைத்த பனங்கொட்டை முளைக்கும். ஈரத்தைக் குறைத்தால் முளைப்பு கொஞ்சம் தள்ளிப்போகும், நிற்காது. ஆகவே இதைச் சேமிப்புக் கிடங்காக நினைக்காமல் முளைப்பாத்தியாகவே அமையுங்கள். யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்திலும் கிழங்குக்குப் பாத்தி போடுவது போலத்தான், ஒரே வேறுபாடு கிழங்கு திரளும்வரை விடாமல் முளை கண்டதும் எடுத்துவிடுவது.

பாத்தி இப்படி: தண்ணீர் தேங்காத மேட்டில், மரநிழலில் 3 அடி அகலம், 10 அடி நீளம். அடியில் நான்கு விரற்கடை மணல் அல்லது மணல் கலந்த செம்மண். கொட்டைகளைக் கண் கீழ்ப்பக்கமாகவோ படுக்கையாகவோ ஒற்றை அடுக்காக நெருக்கி வையுங்கள். சுமார் 250 பிடிக்கும். கண் மேலே பார்த்தால் முளைக்குழல் வெளியே வந்து வளைந்துதான் கீழே போகும், அதற்குள் வெயில் பட்டால் நுனி காய்ந்துவிடும். மேலே மூன்று விரற்கடை மணல் போட்டு ஓலையால் மூடுங்கள். மணலைக் கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. வெயில் நாளில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தெளித்தால் அந்த ஈரம் நிற்கும்.

இருபதாம் நாளில் ஒரு மூலையைக் கிளறிப் பாருங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை. எல்லாக் கொட்டையும் ஒன்றாக முளைக்காது. ஒரே நாளில் வைத்தவற்றில் சில மூன்று வாரத்திலும் சில இரண்டு மாதம் கழித்தும் முளைக்கும். குழல் ஓர் அங்குலம் வரை இருக்கும்போது எடுத்து நடுவது பாதுகாப்பு. இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் கை பட்டாலே முறியும். அரை அடி இறங்கியதைப் பிடுங்கி நடப் பார்க்காதீர்கள், கிழங்காகவே விட்டுவிடுங்கள்.

ஈரம் தங்குகிறதா என்பதற்கு எளிய கணக்கு: பத்துக் கொட்டைக்குச் சாயம் தடவி அடையாளமிட்டு, வைக்கும் நாளில் மொத்தமாக எடை போட்டுக் குறியுங்கள். வாரா வாரம் மணலைத் துடைத்துவிட்டு அதே பத்தை எடை போடுங்கள். முதல் வாரம் நாரின் தண்ணீர் வடிவதால் கொஞ்சம் இறங்கும். பிறகும் இறங்கிக்கொண்டே போனால் பாத்தி காய்கிறது என்று பொருள்.

குளிர்சாதனப் பெட்டி இதற்கு வழியல்ல. வெப்ப நாட்டு ஈர விதைகளை அந்தக் குளிர் கொன்றுவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையும் அப்படியே: உள்ளே ஈரம் இருக்கும், காற்று இருக்காது. கொட்டை மூச்சு விடும் உயிர், அந்த மூச்சில் சூடு வரும். பையைத் திறந்தால் புளிப்பு வாடை அடித்தால் இதுதான் நடந்திருக்கிறது. இறுகக் கட்டிய உரச்சாக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுச் சாக்கில் அதே சூடு பிறக்கும், ஓரச் சாக்கில் உலர்ச்சி பிறக்கும். ஒரே குவியலில் இரண்டு விதமான சாவு.

ஒவ்வொரு குவியலுக்கும் சீட்டு எழுதி வையுங்கள்: பழம் பொறுக்கிய தேதி, ஊர், எத்தனை மரம், சதை நீக்கிய தேதி. எது மூத்ததோ அது முதலில் நடவுக்குப் போக வேண்டும்.

கொண்டுபோதலும் நடவும்

சணல் சாக்கில் முக்கால் பங்கு மட்டும் போட்டு, வாயைத் தளரக் கட்டி, நனைத்து ஏற்றுங்கள். இரண்டு நாள் பயணத்தை அது தாங்கும். முளைத்தவற்றைச் சாக்கில் போடவே கூடாது. கூடையில் ஈர மணலோ தென்னைநார்க் கழிவோ பரப்பி, ஒற்றை அடுக்காக மடியில் வைப்பது போல் கொண்டுபோக வேண்டும்.

நடும் இடம் நீர்நிலைக் கரையாக இருந்தால் ஊராட்சியிடமோ நீர்வளத் துறையிடமோ முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குழிக்குக் குழி 10 அடி. ஓர் அடி ஆழம் தோண்டி மண்ணைப் பொலபொலப்பாக்கி மீண்டும் நிரப்பி, மேலிருந்து நான்கு அங்குல ஆழத்தில் கொட்டையைப் படுக்கையாகவோ கண் கீழாகவோ வைத்து மூடி மிதியுங்கள். அடிமண் இறுகியிருந்தால் குழல் இறங்க முடியாமல் சுருளும், ஆகவே இளக்குவதைத் தவிர்க்க வேண்டாம். கொட்டை மண்ணுக்கு வெளியே தெரிந்தால் காயும்.

வழக்கமாக வரும் கோளாறுகள்

நாரில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தால் பதற வேண்டாம், அது பெரும்பாலும் மிச்சச் சதையைத் தின்று வளர்வது. கழுவி, காற்றோட்டமாகப் பரப்பி, நாலைந்தை வெட்டிப் பார்த்து முடிவெடுங்கள். கரும்பச்சையாகக் கண்ணுக்குள் இறங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். பாத்தியில் கரையான் ஏறினால் அந்த இடம் அதிகம் காய்ந்திருக்கிறது. ஈரத்தைச் சரிசெய்து, புற்று இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள். காட்டுப்பன்றி உள்ள ஊரில் பாத்தியைச் சுற்றி முள் அடைக்காவிட்டால் ஒரே இரவில் எல்லாம் போகும்.

வாங்கிய கொட்டை ஏற்கெனவே காய்ந்திருந்தால் ஊறவைத்து மீட்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றிரண்டு வாரம் வாடியதை ஓரிரு நாள் ஊறப்போட்டு நடலாம், தண்ணீரை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடகடவென்று ஆடும் நிலைக்குப் போனதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் கரு திரும்பாது. பருப்பு உப்பி, அழுகத்தான் செய்யும்.

மற்ற பனைக் குடும்பத்து விதைகள்

ஈச்சங்கொட்டை இந்த விதிகளுக்கு விலக்கு. சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி மூடிய டப்பாவில் வைத்தால் சில மாதம் தாங்கும். கமுகு பனையைவிட அவசரக்காரன். முற்றிப் பழுத்த முழுப் பாக்கைத் தோலோடு, காம்பு மேலாக, எடுத்த சூட்டிலேயே ஊன்ற வேண்டும். நெட்டை ரகத் தேங்காயை நிழலில் ஒரு மாதத்துக்கு மேலும் வைத்து மட்டை காய்ந்த பிறகு ஊன்றலாம், குட்டை ரகத்துக்கு அவ்வளவு நாள் கொடுக்கக் கூடாது. கூந்தற்பனைப் பழத்தின் சதை கையைக் கடுமையாக அரிக்கும், உறை போடாமல் தொடாதீர்கள். அதன் விதையையும் காயவிடாமல் நடுங்கள்.

நட்ட பிறகு பார்ப்பது

முதல் ஓலை தரைக்கு மேல் வரப் பல மாதமாகும். இரண்டு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று கொட்டையைக் கிளறி எடுப்பதும், அதே குழியில் வேறு செடி வைப்பதும் நல்ல முளையைக் கொல்லும் வேலை. தை மாதத்தில், இருபது குழிக்கு ஒன்று வீதம், கொட்டையின் பக்கவாட்டில் மட்டும் மண்ணை விலக்கிப் பாருங்கள். கண்ணிலிருந்து குழல் கீழே இறங்கியிருந்தால் மூடிவிடலாம். கொட்டை இலேசாகி, அழுத்தினால் நீர் கசிந்தால் அந்தக் குழியை அடுத்த ஆவணிக்குக் குறித்து வையுங்கள். சீட்டை எடுத்து, அது எந்தக் குவியல், எத்தனை நாள் எங்கே இருந்தது என்றும் பாருங்கள்.